இரத்த வகை

மூன்றாம் மாடி, முந்நூற்றுப் பதினொன்று.
விரிப்பு மாற்றப் போனேன்.
ஜன்னலுக்கு வெளியே போர்ட்டேஜ் தெரு
வெறுந்தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது.
வடக்கே காடு எரிகிறது,
வின்னிபெக் அதை மூச்சு விடுகிறது.

கதவிடுக்கில் ஈரத் துவாய் அடைத்துவிட்டு
கட்டில் விளிம்பில் இருந்தாள் மெர்லின் ஃபிளெட்.
சாலை போகாத ஏரிக்கரை ஊர்.
ராணுவ விமானம். ஒரு பை.
இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மூன்று சப்பாத்து.
வயிறு ஏழு மாதம்.
எட்டு என்று திருத்தினாள், பிறகு
தெரியாது, புகையில் நாள் எண்ணவில்லை என்றாள்.

எனக்கு இங்கே கேட்க அனுமதி உள்ளவை மூன்று:
துவாய் வேணுமா, சவர்க்காரம் வேணுமா,
குப்பை எடுக்கட்டுமா.
நாலாவதைக் கேட்டேன்.
உன் இரத்தம் என்ன வகை?

அவள் பார்த்த பார்வை சரிதான்.
விரிப்பு மாற்ற வந்தவள் இரத்தம் கேட்டால்
வேறெப்படிப் பார்ப்பது.

வாகரையில் தை மாத வெள்ளம்
என் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோனது.
கூரை, ஆடு, நெல் எல்லாம் கணக்கெடுத்தார்கள்,
கொப்பியை யாரும் கேட்கவில்லை.
ஓ நெகட்டிவ் என்று அதில் சிவப்பு மையில் இருந்தது.
பள்ளிக்கூடத்தில், கரும்பலகைக்குக் கீழே, மூத்தவள் பிறந்தாள்.
சுகப்பிரசவம் என்று எழுதிக்கொண்டார்கள்.
மூன்று நாளுக்குள் போட வேண்டிய ஊசி
களப்புக்கு அந்தப் பக்கம் ஐஸ் பெட்டியில் இருந்தது.
மூன்றாம் நாள் வெயில் அடித்தது.
சந்தோஷமாய்ப் பாய் காயப்போட்டோம்.

இரண்டு வருஷம் கழித்து
என் வயிற்றுக்குள் வந்தது அந்த வெள்ளம்.
பிறந்த அன்றே மஞ்சளித்தான்.
ஒன்றரை நாள்.
வெள்ளத்தில் செத்தவர்களின் பட்டியலில் அவன் இல்லை.

இவ்வளவையும் என் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க
பத்து அறை பிந்திவிடும்.
முக்கியம் என்று மட்டும் சொன்னேன். இரண்டு தரம்.

தாதி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக் கொடுத்தாளாம்.
போன் செத்துக் கிடந்தது. சார்ஜர் ஊரில்.
கீழே, விருந்தாளிகள் மறந்துபோன பொருள்களின் பெட்டியில்
ஆறு சார்ஜர். ஐந்தாவது பொருந்தியது.
சுவரோரம் இரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்தோம்,
ஒரு வீதம். மூன்று வீதம்.
சின்னவன் என் வண்டியிலிருந்து
சவர்க்காரம் திருடிக்கொண்டிருந்தான்.

படம் திறந்தது. ஏ பாசிட்டிவ்.
அந்த ஊசியே தேவைப்படாத இரத்தம்.
பாவி, ஒரு கணம் பொறாமைப்பட்டேன்.
பிறகு ஹோட்டல் பெயர் போட்ட பேனையால்
அவள் முன்கையில் எழுதினேன், கொட்டை எழுத்தில்.

பேனையை வாங்கி
என் கையைத் திருப்பிப் பிடித்தாள்.
உன்னுடையது?