ஒரே பிரதி

வாங்கியது ஒரே ஒரு பிரதி, போன குளிர்காலத்துக்கு முந்தி.
அட்டையில் பனி. பனியில் பாதி புதைந்த ஒரு பெண்செருப்பு.
எங்கள் நூலகம் ஒரு படகு.
ஃபியோர்டின் உள்மடிப்புகளில் ஊர் ஊராய்ப் போய்
கட்டுத்துறையில் மணியடித்து நிற்கும்.
நாற்பது நிமிடம். பிறகு அடுத்த ஊர்.

முதலில் எடுத்துப்போனவர் தூர்லைஃப்,
முப்பது வருஷம் காவல்துறையில் குப்பை கொட்டியவர்.
"சுத்தப் பொய்" என்று மேசையில் போட்டார்.
"பிணத்தைப் பார்த்த ராத்திரி எவனும் இவ்வளவு பேசமாட்டான்.
அந்த இன்ஸ்பெக்டர் எப்போதுதான் அறிக்கை எழுதுகிறான்?"
பிறகு குரலைத் தாழ்த்தி,
இதே ஆள் வேறேதும் எழுதியிருக்கிறாரா என்றார்.

சால்மன் பண்ணையில் இரவுக்காவல் பார்க்கும் சீவெர்ட்
இருநூறாம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டான்.
"நல்லாத்தான் இருக்கு.
ஆனா, மிதவைமேல தனியா நடக்கறவன் நான் இல்லையா."
தீவன மூட்டைக்கடியில் ஒளித்துவைத்திருக்கிறான்;
மீன்வாடை இன்னும் போகவில்லை.

வாடையைப் பற்றிப் பாதிரியார் ஒன்றும் சொல்லவில்லை.
கொலைகாரன் யாரென்று
நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டதாம்.
எப்படி என்றேன்.
"கதையில் அவன் ஒருவன்தான் எல்லோரிடமும் அன்பாக இருக்கிறான்."
அதுதானே உங்கள் உத்தியோகம் என்று
கேட்க வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

யூருன் கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பவள்.
அவள் ஏறினால் கேப்டனே காதைப் பொத்திக்கொள்வார்.
பள்ளிக்கூடப் பையன்கள் இருவரும் கொலைகாரன் கட்சி:
கெட்டிக்காரன், கடைசியில் மாட்டவைத்தது அநியாயம்,
அதுவும் ஒரு ரசீதை வைத்து!

ஜனவரியில் அலை மோசம்.
கட்டுத்துறையில் ஊட்னி மட்டும் நின்றிருந்தாள்.
புத்தகத்தைத் தந்தாள். எப்படி இருந்தது என்றேன்.
காற்று பலமாக இருக்கிறது என்றாள்.
போய்விட்டாள்.

அன்றிரவு விளக்கடியில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன்.
(எழுதினவர்களைக் கண்டுபிடிப்பதும்
ரப்பரால் அழிப்பதும் என் சம்பளத்தில் அடக்கம்.)
கொலைகாரனுக்கு ஒரு அம்மா உண்டு,
இருட்டறை உண்டு, செத்துப்போன நாய் உண்டு,
அவனுக்கென்று முப்பத்தாறு பக்கம் உண்டு.
ஏழாவதாகச் செத்தவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை.
ஏழாவது பெண். ஏரியில் கிடந்தவள். ஓரிடத்தில் 'அது'.
அத்தனை இடத்திலும் பென்சிலால் அடித்துவிட்டு
பொடி எழுத்தில் 'மாரித்' என்று எழுதியிருந்தாள்.
விளிம்பில் இன்னும் பொடியாக:
காபிக்குச் சர்க்கரை போடமாட்டாள்.
சைக்கிளில் மணி கிடையாது, வாயாலேயே அடிப்பாள்.

காலையில் கேப்டனைக் கேட்டேன்.
இந்தக் கரையில் எவர் வீட்டுக் கணக்கும் அவருக்கு மனப்பாடம்.
ஊட்னிக்கு அக்கா தங்கை கிடையாது.
மாரித் என்று யாரும் காணாமல் போனதில்லை.
"ஏன், யாராவது தேடறாங்களா?"

பையன்களின் ஆச்சரியக்குறிகளை அழித்தேன்.
தூர்லைஃபின் பதினான்கு 'பொய்'களை அழித்தேன்.
மாரித்திடம் வந்தபோது படகு ஆடியது,
அதைச் சாக்காக வைத்து ரப்பரை இழுப்பறையில் போட்டேன்.

ஈஸ்டர் விடுமுறைக்குக் கொலைக்கதை படிப்பது
எங்கள் நாட்டு வழக்கம்;
ஆரஞ்சுப்பழமும் இரத்தமுமாக மலைவீட்டில் உட்கார்ந்திருப்போம்.
பதினொரு பேர் வரிசையில் இருந்தார்கள்.
வலைக்கூடத்து ஓஸ்முன் திருப்பித் தரும்போது சொன்னான்:
"முடிவு இழுவை. பனியைப் பற்றி ரொம்பப் பேச்சு.
ஆனா அந்த மாரித்தை விட்டிருக்கலாம்."

மே மாதம் தூர்லைஃப் மறுபடி எடுத்துப்போனார்.
பொய்யை எதற்கு இரண்டு தடவை என்று நான் கேட்கவில்லை.

இன்று முந்நூற்றுப் பதினோராம் பக்கம் பார்த்தேன்.
ஊட்னியின் பென்சிலுக்குக் கீழே
யாரோ நீல மையில்: சைக்கிள் என்ன நிறம்?
அதற்கும் கீழே, அறிக்கை எழுதிப் பழகிய
சாய்ந்த, நிதானமான கையெழுத்து:
பச்சை. பின்சக்கரத்தில் காற்றுக் குறைவு.
பூட்டப்படவில்லை.