இரண்டு சாப்பாட்டுத் தூரம்

கெல்ஸ்டர்பாக்கில் நாங்கள்
தூரத்தைத் தட்டில் அளக்கிறோம்.
மாட்றிட் என்றால் ஒரு பாண், ஒரு சொக்லேட்.
கெய்ரோவுக்குச் சூடாக ஒன்று.
சிங்கப்பூருக்கு இரண்டு,
நடுச்சாமத்தில் பசிப்பவருக்குக் கிண்ண நூடில்ஸ்.
ரொறன்ரோ:
ஏறியதும் பெரிய சாப்பாடு,
இறங்க முன் சின்னது.

கிலோமீற்றர் பிறகுதான் தெரியவந்தது.
ஆறாயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.
வழக்கறிஞர் ஃபிறாவ் கெஸ்லர்
கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தார்,
பாடசாலை விடுமுறையில்
யாருக்கு எத்தனை நாள் என்ற பெட்டிகளுக்குக் கீழே.

போக எட்டு மணி நாற்பது நிமிடம்.
வர ஏழு மணி இருபது.

முதல் தரம் தனியே போய் வந்தபோது
ஆரணிக்கு எட்டு வயது.
கழுத்தில் தொங்கிய பைக்குள் கடவுச்சீட்டு,
கக்கத்தில் அப்பா வாங்கிக் கொடுத்த நீல முயல்.
நான் பயணச்சீட்டு இயந்திரத்தோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.
"அப்பாட்டப் போகக் கனநேரம் அம்மா.
மூண்டு படம் பாத்தும் முடியேல்லை.
உங்களிட்டக் கெதியா வந்திட்டன்.
ஏன்?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது.
நல்ல பொய். இனிப்பானது.
ஐந்து யூரோத் தாளை இயந்திரம் வெளியே துப்பியது.
"காத்து" என்றேன்.
"மேற்கிலையிருந்து அடிக்குது.
போகேக்க முகத்திலை, வரேக்க முதுகிலை."

கொஞ்சம் யோசித்தாள்.
"அப்ப, அப்பாவோ தள்ளிவிடுறார்?"

இல்லை என்றேன்.
அது அவருக்கும் அப்பால், பசுபிக் கடலிலிருந்து
பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் வருகிற காற்று,
அவர் வீட்டு யன்னல் பூட்டிக் கிடந்தாலும் வரும்,
அவர் ஒருபோதும் உன்னைத் தள்ளமாட்டார் என்றேன்.
நாலு வருசத்தில்
அவனுக்காக நான் பேசிய ஒரே வசனம்.
தாளைத் தொடையில் தேய்த்து நேராக்கிக் கொடுத்தேன்.
இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

இப்போது அவளுக்குப் பதினொன்று.
போவதற்கு முதல் இரவு
பக்கத்து வீட்டு மிலேனாவிடம் படுக்க விட்டு வேலைக்கு வந்தேன்.
தலையில் வலை, கையில் நீலக் கையுறை,
கூரையில் கமெரா.
ரொறன்ரோ வண்டிலில் சிறுவர் சாப்பாடு மூன்று.
எது அவளுடையது என்று எழுதியிருக்கவில்லை.
மூன்றிலும் கரண்டியை நேராக வைத்தேன்.

மறுநாள் தொலைபேசியில் முறைப்பாடு:
பட்டாணி வெறும் தண்ணீர்.
அந்தப் பட்டாணிக்காக வாதாடினேன்,
ஃபிறாவ் கெஸ்லர் எனக்காக வாதாடியதைவிட நன்றாக.

திரும்பி வரும் தட்டுகளை
அந்தக் கரையில் யாரோ அடுக்குகிறார்கள்.

தை மாதம் காற்றுக்கு என்ன பிடித்ததோ,
ஆறு மணி முப்பத்தைந்தில் கொண்டுவந்து போட்டுவிட்டது.
எனக்கு இரவு வேலை முடியவில்லை.
கெல்ஸ்டர்பாக்கிலிருந்து விமான நிலையம்
எஸ்-பானில் ஒரேயொரு தரிப்பு.
ஆறாயிரத்து முந்நூறைத் தாண்டி வந்தவள்
அந்த ஒரு தரிப்புக்காகக் காத்திருந்தாள்,
சீருடைப் பெண்ணுக்குப் பக்கத்துக் கதிரையில்,
முதல் தடவையாகக்
கால்கள் நிலத்தில் முட்ட.

"காத்து கூடத் தள்ளிப்போட்டுது" என்றாள்,
என் மன்னிப்பை முந்திக்கொண்டு.
பிறகு பையைத் திறந்து
துடைதாளில் சுற்றிய பணிஸ் ஒன்றை நீட்டினாள்.
"நீங்க இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

விடியும்வரை எண்ணூறு பணிஸ் அடுக்கிய கை
அதை வாங்கியது.
உப்புக் கொஞ்சம் கூட.
மேடையில் நின்றபடி,
இரண்டு ரயிலைப் போகவிட்டு,
முழுவதையும் தின்றேன்.