நூற்று அறுபத்தைந்து வோல்ட்

நாரினில் ஜனவரி. இரவு பதினொன்று.
மாவு உப்பவில்லை.
பெர்மெத் ஹீட்டரைத் திருப்பி முதுகைப் படிக்கிறாள்:
இருநூற்றிருபது வோல்ட், இரண்டாயிரம் வாட்.
"புளுகு" என்கிறாள் அதனிடம்.

சுவரில் மீட்டர் முனைகளைச் செருகினால்
நூற்று அறுபத்தைந்து.
கம்பியில் ஓடுவது ஆறு புள்ளி எட்டு ஆம்பியர்.
ரொட்டிக் கடன் எழுதிய தாளின் பின்பக்கத்தில்
வகுக்கிறாள்: இருபத்து நான்கு ஓம் சொச்சம்.
சுருள் நல்லதுதான். அதன்மேல் பழியில்லை.
பெருக்குகிறாள்:
ஆயிரத்து நூற்றிருபத்திரண்டு.

போனில் மின் அலுவலகத்து தாலந்த்பெக்:
"கால்வாசிதானே எஜே குறைந்திருக்கிறது?"
"வோல்ட்டில் கால்வாசி. சூட்டில் பாதிக்குக் கொஞ்சம் கம்மி.
வந்து மாவைத் தொட்டுப் பார்."
"பில்லும் அப்படித்தானே குறையும்?"
அதற்கு அவளிடம் பதிலில்லை.

ஹீட்டரை அணைக்கிறாள். நூற்றுத் தொண்ணூறு.
போடுகிறாள். நூற்று அறுபத்தைந்து.
நடுவில் விழுந்த இருபத்தைந்தை
ஆறு புள்ளி எட்டால் பெருக்க
நூற்று எழுபது வாட்
டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் நீளும் அலுமினியத்தில்,
அதில் உட்காரும் மாக்பைக்குக்கூட உறைக்காமல்,
பனிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.
அவள் போட்ட கணத்தில்
எதிர்வீட்டுச் சமையலறை பல்பும் மங்கியது.
மறுபடி அணைத்தாள். அது பிரகாசித்தது.
யாரோ ஜன்னலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாவுக் கிண்ணத்தைத் துணி சுற்றி
கம்பளிக்குள் வயிற்றோடு அணைத்துப் படுத்தாள்.
மனித உடம்பு சும்மா கிடந்தாலே நூறு வாட்டாம்,
எங்கோ படித்தது.
எத்தனை வோல்ட்டில் என்று
அதில் போட்டிருக்கவில்லை.