நிகர எடை

பகலில் லோரிகளை நிறுக்கிறேன்.
பஹாவுக்கு வெளியே, செம்பனை ஆலை வாசலில்
மீன்தொட்டி போல ஒரு கண்ணாடி அறை.
குலைகளோடு ஏறும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை,
கழித்தால் வருவது நிகரம்.
இருபது கிலோ கூடக்குறைய இருந்தால்
யாரும் சண்டைக்கு வருவதில்லை.

இரவில் அரை மில்லிமீட்டருக்காக
மூச்சை அடக்குகிறேன்.

முப்பத்திரண்டு அங்குலம். மூன்று பாய்மரம்.
வரைபடம் ஏதோ குளிர்நாட்டு மரத்தைக் கேட்கிறது.
எனக்கு வாய்த்தது கித்தா மரம்:
ஆ லியோங்கின் நாற்காலித் தொழிற்சாலையில்
வாரிக் கொட்டும் சீவல், சாக்கு மூன்று வெள்ளி.
‘நாற்காலி செய்யேன், உட்காரவாவது உதவும்’
என்று சொல்லிக்கொண்டே
கணு இல்லாத சீவலாகப் பொறுக்கித் தருவான்.

ஒவ்வொன்றையும் வெந்நீரில் ஊறப்போட்டு
மைலோ டின்னைச் சுற்றி வளைத்து
ஏழு துணிக்கிளிப்புகளைக் கடிக்கவிட்டு
விடியும்வரை தொடாமல் இருக்கவேண்டும்.
அவசரப்பட்டால் ‘டிக்.’
அந்தச் சத்தத்துக்கென்றே
அடிவயிற்றில் ஓர் இடம் வைத்திருக்கிறேன்.

முன்மூக்கில் இருபக்கப் பலகைகளும்
வந்து சேரவேண்டும். சேரவில்லை.
மூன்றாவது விலாச் சட்டத்தை
ஒரு நூல் சாய்த்து ஒட்டியிருக்கிறேன்,
ஒன்பது மாதத்துக்கு முன்,
கேஸ்காரன் கேட்டைத் தட்டிய நிமிஷத்தில்.
பிரிப்பதா, மறைப்பதா?
ஒரு வாரம் துண்டு போர்த்தி வைத்துவிட்டு
டிவி பார்த்தேன்.
பிறகு மரத்தூளில் பசை குழைத்துப் பூசினேன்.
இடது பக்கம் சுவரைப் பார்க்கட்டும்.

கோவில் செயலாளர் குணபாலன் வந்தார்,
வரும்போதே ஒரு யோசனையோடு.
‘நம்ம ஆட்கள் வந்த கப்பல்தானே?
பெயர் எழுதுங்கள், திருவிழாவுக்கு மண்டபத்தில் வைப்போம்.
கீழே ஒரு பலகை, நாலு வரி வரலாறு.’
உங்கள் தாத்தா வந்ததற்குப் புகைபோக்கி இருந்ததென்று
நீங்கள்தானே சொன்னீர்கள், என்றேன்.
இது கோதுமை ஏற்றியது.
‘யாருக்குத் தெரியப்போகிறது?’
எனக்கு.
‘சரி, ஆள் ஒருத்தருமே இல்லையா இதில்?’

ஒன்று இருக்கிறது.
கப்பலை மெல்லச் சாய்த்துக் காட்டினேன்.
கடகடவென்று பின்னாலிருந்து முன்னால் ஓடியது
மேல்தளம் ஒட்டிய இரவில் உள்ளே விழுந்துவிட்ட
பென்சில் துண்டு.
காதிடுக்கில் தேடி, மேசைக்கடியில் தேடி,
பசை காய்ந்த பிறகுதான் புரிந்தது.
இன்னொரு தடவை சாய்க்கச் சொன்னார்.
இன்னொரு தடவை.
தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.
வரலாற்றை மறந்தேவிட்டார்.

கண்ணாடிப் பெட்டிக்கு அளவெடுக்கக் கொண்டுபோன நாளில்
ரோஸ்லான் லோரியிலிருந்து தலையை நீட்டினான்:
‘எத்தனை டன், அக்கா?’
அறுபது டன் தாங்கும் எடைப்பாலத்தின் நடுவில்
தனியாக இறக்கி வைத்தேன்.
டயர்த்தடம், எண்ணெய்க்கறை,
நசுங்கிய செம்பனைப் பழம் நாலைந்து,
அதன்மேல் மூன்று பாய்மரம்.
இருபது கிலோவுக்குக் கீழே
பாலத்துக்குக் கண் தெரியாது.
பூஜ்யம் என்றது.
சீட்டு அடித்தேன். மொத்தம் பூஜ்யம்,
வண்டி பூஜ்யம், நிகரம் பூஜ்யம்.
சரக்கு என்ற கட்டத்தில் விரல் நின்றது.
கோதுமை? பென்சில்?
பின்னால் இரண்டு லோரிகள் ஹாரன் அடித்தன.
காலியாகவே விட்டேன்.
ரோஸ்லான் அந்தச் சீட்டை வாங்கி
சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அன்று இரவு
பின் பாய்மரத்துக் கயிற்றேணியில்
பதினோராவது முடிச்சு தளர்ந்திருந்தது.
தையல்கடை நூல், மெழுகு போதவில்லை.
பிரித்தேன்.
போர்ட்டிக்சன் கடல் ஒன்றரை மணி நேரம்தான்,
ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று தங்கை கூப்பிட்டாள்.
இன்னும் எண்பது முடிச்சு இருக்கிறது
என்று சொல்லிவிட்டேன்.