சுழி

ஷீரே ஆறு வடிந்து பதினோராம் நாள்.
பள்ளிக்கூடச் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு.
கைக்கணினியோடு போனேன்,
குடும்பத்துக்குப் பன்னிரண்டு தகரம்,
ஒரு மூட்டை மக்காச்சோள மாவு என்று
கணக்கெடுக்க.

எஸ்தேரும் ஸியோனேயும் ஒரே பாயில் உட்கார்ந்து
நனைந்த விதைச்சோளத்தைப்
பூஞ்சை பிடித்தது, பிடிக்காதது என்று
பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

குடும்பத் தலைவர் யார்?
இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
"ஆட்டைக் கேள்," என்றாள் எஸ்தேர்.
"வெள்ளத்தன்று எங்களை மேட்டுக்கு
இழுத்துக்கொண்டு போனது அதுதான்."

உறவு?
"அக்கா தங்கை."
அப்பா பேர்?
ஆளுக்கொரு பேர் சொன்னார்கள்.
திரை சிவந்தது.
அடுத்த பக்கம் போக மாட்டேன் என்றது.

ஊருக்குத் தெரியாதா என்றால், தெரியும்.
கல்யாணத்துக்கு அழைக்கும்போது
இரண்டு பேரையும் சேர்த்துத்தான் அழைப்பார்கள்.
பேர் வைத்துச் சொன்னால்தான் அது குற்றம்.

மணமாகாத பெண்
அண்ணன் வீட்டுக் கணக்கில் சேர்வாள் என்பது விதி.
ஸியோனேயின் அண்ணன் முந்திக்கொண்டு வந்து
அவள் தலைக்கும் சேர்த்து வாங்கிப் போயிருந்தான்.
அந்தத் தகரம் இப்போது பாங்குலாவில்
ஒரு சாராயக்கடைக்கு மேலே
மழை வாங்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்த வாரம் பிளான்டையரில்,
குளிர்சாதனம் இரையும் ஹோட்டல் அறையில் எங்களுக்குப் பயிற்சி.
'ஒருவரையும் விட்டுவிடக் கூடாது' என்று
சுவரில் ஒட்டியிருந்தார்கள்.
பேர் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னேன்.
ஓஸ்லோவிலிருந்து வந்த சோல்வெய்க் கண் கலங்கினாள்.
நல்ல பெண். உண்மையாகவே நல்ல பெண்.
மதியத்துக்குள் படிவத்தைத் திருத்திவிட்டாள்:
ஆண், பெண், மற்றவை.

மற்றவை.
மற்றவர்கூட இல்லை.
மளிகைப் பட்டியலின் கடைசி வரி மாதிரி.
எங்கள் சிச்சேவாவில் 'இயே' என்றால்
அவனும்தான் அவளும்தான்.
பிரித்துக் காட்டு என்று அந்தச் சொல்லிடம்
யாரும் கேட்டதில்லை.

அதற்குக் கீழே இன்னொரு கேள்வி, கட்டாயக் கேள்வி:
பாலினச் சிறுபான்மையரா? ஆம். இல்லை.

திரும்பிப் போனேன்.
கூரையில்லாத நான்கு சுவருக்குள்
ஸியோனே ந்சீமா கிண்டிக்கொண்டிருந்தாள்.
வாசித்துக் காட்டினேன். அகப்பை நின்றது.
எஸ்தேர்தான் கேட்டாள்:
"இந்தக் கட்டத்தை யார் யார் திறந்து பார்ப்பார்கள்?"
"அலுவலகம்."
"அப்புறம்?"
"மாவட்டம். அமைச்சகம்."
"காவல் நிலையமும் மாவட்டத்தில்தானே இருக்கிறது?"

மாவு அடிப்பிடிக்கும் வாசனை.

"எங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.
தகரத்தைக் கொடு.
சேர்ப்பதைப் பற்றி மழை விட்டதும் பேசலாம்."

அன்று நான் செய்தது எந்த விதியிலும் இல்லை.
ஒரே சுவருக்குள் இரண்டு குடும்பம் என்று எழுதினேன்.
தலைவி எஸ்தேர். தலைவி ஸியோனே.
கட்டாயக் கேள்விக்கு இரண்டு முறை 'இல்லை'.
இருபத்துநான்கு தகரம் வந்தது.
மீந்ததில் ஆட்டுக்கும் ஒரு கொட்டில்.

அறிக்கை போயிற்று.
எங்கள் வட்டாரம், பாலினச் சிறுபான்மையர்,
எண்ணிக்கை: சுழி.
சோல்வெய்க் கடிதம் எழுதியிருக்கிறாள்,
பணிவாக, கொஞ்சம் வருத்தமாக:
அங்கே அப்படி யாருமே இல்லையா?
இல்லையென்றால் அந்த நிதியை
வேறு மாவட்டத்துக்கு மாற்றலாமா?

இந்த ஆற்றங்கரையில்
சுழியைப் பார்த்து ஒன்றுமில்லை என்று
குழந்தைகூடச் சொல்லாது.
மேலே வட்டமாக, காலியாக,
வேலையில்லாமல் திரும்புவதுபோல் இருக்கும்.
படகுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு
ஒதுங்கிப் போவார்கள்.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
நிதி போய்விட்டால் அடுத்த வெள்ளத்துக்கு என்ன செய்வது?
மூன்று நாளாகப் பதில் எழுதவில்லை.

ஸியோனே சொல்லி அனுப்பியிருக்கிறாள்,
ஆடு சினையாம்.