நூற்றுப் பன்னிரண்டு படிகள்

டிக்கெட்டைக் கிழிக்குமுன் அந்தப் பெண்
என் ஊன்றுகோல்களைப் பார்த்தாள்.
"ரயில் நடுவில் நின்றுபோனால்
நீங்களாக இறங்கி வர முடியுமா?
நூற்றுப் பன்னிரண்டு படிகள்."
பதினெட்டு வயதிருந்தால் அதிகம்.
பல்லில் கம்பி. மன்னிப்புக் கேட்கிற முகம்.

இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
பதினான்கு மாடிக் குழியின் இருட்டில்
ஒரு கயிற்றை நம்பித் தொங்கியிருக்கிறேன்.
விழுந்தது அங்கே இல்லை.
வீட்டுச் சமையலறையில்
பல்பு மாற்ற ஏறிய ஸ்டூலிலிருந்து.
இதை யாரிடமும் சொல்வதில்லை.
கேட்டால், பனி வழுக்கியது என்பேன்.
பின்லாந்தில் எந்தப் பழியையும்
பனியின் தலையில் கட்டலாம்,
எதிர்த்துப் பேசாது.

"அப்ப நானும் போகலை" என்றாள் வென்லா.
பதிமூன்று வயதில் அது எவ்வளவு பெரிய பொய்.
போ என்றேன்.
ஈரிஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவள்
ஓடுமுன் என் மடியில் போட்டாள்
பையை, தொப்பியை, பாதி தின்ற டோனட்டை.

அப்படித்தான் ஆரம்பித்தது.
காலை நீட்டி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன்
எதையும் தூக்கிக்கொண்டு ஓட மாட்டான் என்று
எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.
பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரவே
யோசிக்கிற ஜனம்
ஒவ்வொருவராக வந்து
கண்ணாடி தந்தது, கேமரா தந்தது,
கடுகுச் சாறு வழியும் சாஸேஜைத்
தட்டோடு தந்தது.
நீல ஜாக்கெட் போட்ட ஒருவர்
தன் பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றித் தந்தார்.
அதை மட்டும் சட்டைப்பையில் வைத்தேன்.

என் கறுப்பு பூட்ஸுக்குள்
ஒரு தகடு, ஏழு திருகு.
எத்தனை மில்லி என்று சர்ஜனிடம் கேட்டிருக்கிறேன்.
மூன்றரை என்றார்.
நானாக இருந்தால் நாலு போட்டிருப்பேன்.

ரயில் ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
டக் டக் டக்.
மூன்றாவது சுற்றில் ஒரு டக் குறைந்தது.
அப்புறம் எதுவும் இல்லை.
ஏரிப் பக்கம் கடல்புறாக்கள் மட்டும்.
உச்சிக்குக் கொஞ்சம் கீழே
இருபத்து நான்கு பேர் வானத்தைப் பார்த்து
மல்லாந்து கிடந்தார்கள்.

"சென்சார்தான்" என்றேன் பக்கத்தில் நின்ற தாயிடம்.
குரல் தெளிவாகத்தான் வந்தது.
கை டோனட்டை நசுக்கியிருந்தது.

ஊழியர்கள் மேலே போய்
ஒவ்வொரு கம்பியாகத் திறந்தார்கள்.
வரிசையாக இறங்கினார்கள்.
மஞ்சள் மழைக்கோட்டு என்னுடையது.
எண்ணினேன்.
முப்பத்தொன்பதில் நின்றுவிட்டது.

எழுந்தேன்.
மடியிலிருந்தவை எல்லாம் சரிந்து விழுந்தன.
யாருடைய கண்ணாடியோ.
எழுந்து என்ன செய்ய?
நின்றேன், அவ்வளவுதான்.

மார்ச் மாதம் முழுக்க
எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை
(சிரிக்கலாம், எல்லோரும் சிரித்தார்கள்).
மூன்று மாடி.
முதலில் கோல், பிறகு கெட்ட கால்,
அதே படியில் நல்ல கால்.
கொஞ்சம் நிற்க வேண்டும்.
பள்ளிக்கு நேரமாகிறது என்று பல்லைக் கடித்தபடி
எனக்கு ஒரு படி கீழே, பின்புறமாக,
இறங்கிக்கொண்டிருப்பாள்.

மேலே மஞ்சள் கோட்டு
கம்பியை இரண்டு கையாலும் பிடித்தது.
ஒரு கால்.
அதே படியில் இன்னொரு கால்.
கொஞ்சம் நின்றது.
ஒரு கால்.
பின்னால் பதினைந்து பேர் காத்திருந்தார்கள்,
ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

தரைக்கு வந்ததும் முகம் வெளுத்திருந்தது.
"ஏன் நிக்கிறே? உட்காரு" என்று அதட்டினாள்.
டோனட்டைப் பார்த்தாள்.
"இதை என்ன பண்ணினே?"

டிராமில் ஏறிய பிறகுதான்
சட்டைப்பை கனத்தது.

திரும்பிப் போனோம்.
வாசல் விளக்கடியில் நீல ஜாக்கெட்,
உதடுகளை இறுக்க மூடிக்கொண்டு.
இரவு பத்து மணி, இன்னும் வெளிச்சம்.
கைக்குட்டையை வாங்கி, திரும்பி நின்று மாட்டிக்கொண்டு,
எங்களிடம் முதல்முறையாகப் பேசினார்:
"படி நூற்றுப் பதினொன்றுதான்.
எண்ணிப் பார்த்தேன்."