இரவில் மெல்வது

டிக்கோயா ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில்
எழுபத்து மூன்றாம் இலக்கத் துண்டோடு
காலை ஆறரையிலிருந்து நான்.
இன்றைக்குப் பேர் இல்லை. சம்பளமும் இல்லை.

வலது கடைவாய்ப் பல் இரண்டாய்ப் பிளந்திருந்தது.
"கல் கடிச்சதா?"
டாக்டரம்மாவுக்குத் துண்டு துண்டாய்த் தமிழ்.
இல்லை என்றேன்.
"எலும்பு?"
தீபாவளிக்குப் பிறகு எங்கள் காம்பராவுக்கு
எலும்பு வந்ததே இல்லை.

சின்னக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"பூச்சி இல்ல. ராவுல நீங்க பல்லு கடிக்கிறது.
எல்லாப் பல்லும் தேஞ்சி போச்சி."
பிறகு பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:
"என்ன யோசனை உங்களுக்கு?"

பதினெட்டுக் கிலோ.
மழை நாளில் தண்ணீருக்கென்று இரண்டு கிலோ வெட்டு.
பதினேழரை என்றால் அரைப்பேர்.
வியாழக்கிழமை லோன்காரன்.
நுண்கடன் என்று அட்டையில் போட்டிருக்கிறது.
நுண் என்றால் ரொம்பச் சின்னது என்றான் டிலுக்சன்,
தரம் ஏழு, தமிழில் எண்பத்தொன்று.
தகரம் மாற்ற எடுத்த லோன் அது.
புதுத் தகரமும் ஒழுகுகிறது.
கொழும்பில் கடையில் நிற்கும் அவருக்கு
லோனும் தெரியாது, ஒழுகுவதும் தெரியாது.

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றேன்.

ஒன்றுமில்லை என்று பகலில் சொல்லும் வாய்தான்
ராத்திரி முழுக்க அரைக்கிறது போல.

நோர்வூட் பஸ்ஸில், கன்னத்தில் பஞ்சை அதக்கியபடி
எண்ணிப் பார்த்தேன்.
கழுத்துப் பிடிப்புக்குத் தைலம்.
நெஞ்செரிச்சலுக்குப் பார்மசியின் வெள்ளைத் தண்ணீர்.
தலையிடிக்குப் பெனடோல்.
மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால்
நெஞ்சு படபடக்கிறது, அதற்கொரு பிரஷர் குளிசை.
நாலு வியாதி என்றல்லவா இருந்தேன்.
ஒரே ஆள்தான்,
சட்டையை மாற்றி மாற்றி வந்திருக்கிறான்.

டாக்டரம்மா சொன்ன வைத்தியம் இவ்வளவுதான்:
உதடு மூடியிருக்கலாம், பல் பல்லைத் தொடக் கூடாது.
நாக்கு நுனி மேலே இருக்கட்டும்.
ஞாபகம் வரும்போதெல்லாம் மூச்சை நீளமாய் விடு.
சிரிப்பு வந்தது.
இதற்கா ஒரு நாள் பேரை விட்டேன்?

ஞாபகம் எப்படி வரும்?
கொழுந்தைத் தோளுக்கு மேலே கூடையில் எறியும்போது
தாடையையும் விடு என்று எனக்கு நானே சொல்லிவைத்தேன்.
கை எறியும், தாடை மறக்கும்.
பத்துக்கு ஒன்றுதான் சரியாய் வந்தது.

"என்னாடி, மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுற?"
பக்கத்து நிரையில் அந்தோனியம்மா.
சொன்னேன், லோன் உட்பட.
அவள் கை நின்றது.
அவளுக்கு மூன்று மாதமாய் முடி கொத்துக் கொத்தாய்.
மேல் நிரை ரஞ்சிதமலருக்கு விடியற்காலை மூன்று மணிவரை
கண்ணே மூடாதாம்.
ஆறு பேர், ஒரே வியாழன்.
கக்கூசுக்குப் பின்னால் ஆளுக்கொரு மூலையில் ஒளிகிறோம்,
ஒருத்தியை ஒருத்தி பார்க்காத மாதிரி.
கங்காணி கத்தும்வரை சிரித்தோம்.
அன்றைக்குப் பதினேழு கிலோதான். அரைப்பேர்.

இரவு அவருக்குப் போன் எடுத்தேன்.
கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.
ரீலோட் தீரப் போகிறதே என்று நான் பதற,
"எனக்கும் ஒண்ணு இருக்கு" என்றார்.
கடை முதலாளியிடம், நாற்பதாயிரம்.
"வயிறு எரியுதுன்னு சொன்னேனே, அது அதுதான்."
கார்ட் தீர்ந்து லைன் அறுந்தது.
கோபிக்க வேண்டும் என்று தோன்றியது.
அதற்குள் தூங்கிவிட்டேன்.

காலையில் டிலுக்சன் சொன்னான்:
"நேத்தும் கடிச்சீங்கம்மா.
ஆனா கொஞ்ச நேரந்தான்."

வியாழன்.
வளைவில் மோட்டார் சைக்கிள் உறுமியது.
கக்கூசுப் பக்கம் திரும்பிய காலைத் திருப்பிக்கொண்டு
ஆறு பேரும் லயத்து வாசலிலேயே நின்றோம்.
"இந்தக் கிழமை பாதிதான். எல்லாருக்கும்."
அவன் அட்டையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்,
யாருக்கோ போன் எடுக்க அப்பால் நடந்தான்.

என்ன சொல்வானோ தெரியாது.
நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது.
மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் மட்டும்
ஒரு கொழுந்து நுழையும் இடம்.